மூன்றாவது விசில்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. அங்கு நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். மேசையில் வைத்து எழுதவில்லை, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "சரி மச்சான், சரி மச்சான்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால்தான் பயம் இருக்கும்.

விஷயம் இதுதான். உங்கள் மூத்த மகளை, அதாவது முப்பத்தொரு வயதாகியும் நாம் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுகிற என் மருமகளை, இந்தக் கடிதம் கண்டவுடன் திரும்ப அழைத்துக்கொள்ளவும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மேளத்தையும் இரண்டு துணிப் பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். நான் பழைய டிப்போ நண்பர்களோடு டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது அவளும் என் மனைவியும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "அத்தைகிட்ட சாவி இல்லையா மாமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. வந்தவள் நலமா என்று கேட்கவில்லை, சர்க்கரை அளவு என்ன என்று கேட்கவில்லை. சரி, இந்தக் காலத்துப் பிள்ளை என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளப் பொதுக்கூடத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "பங்கேற்பு அரங்கப் பயிலரங்கம். நாடகத்தின் வழியே சமூக மாற்றம். இங்கே பார்வையாளர் யாரும் இல்லை, எல்லோரும் நடிகர்களே." பார்வையாளரே இல்லை என்றால் யாருக்காக நாடகம் என்று கேட்டேன். "அதுதான் மாமா புரட்சி" என்றாள். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஐந்து மாதமாக ஓடவில்லை. அதை ஓட வைக்க ஆளில்லை, சமூகத்தை மாற்ற ஆள் வந்துவிட்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவேன் என்றானாம்.

சாவியைப் பற்றி அவள் உங்களிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பாள், அதனால் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கேதான் இருக்கும். இந்த வீட்டுக்குப் பூட்டு வாங்கியபோது இரண்டு சாவி வந்தது வாஸ்தவம். இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருந்தால் ஒன்று கட்டாயம் தொலையும் என்பதால் இரண்டாவதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். பீரோச் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் என் சட்டைப் பையில் இருக்கும். பதினோரு வருடத்தில் ஒரு சாவி தொலைந்ததுண்டா? கிடையாது. என் மனைவி எப்போதாவது அந்த இரண்டாவது சாவியைக் கேட்பாள். நான் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். முடியாது என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் கல்யாணம் ஆனவர்.

முதல் நாள் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மேல்வீட்டுத் தையற்காரம்மா, மூன்றாவது மாடிக் குமாஸ்தா, என்னோடு டிப்போவில் கண்டக்டராக இருந்து இப்போது எதிர் வீட்டில் குடியிருக்கும் பின்வாசல் (பஸ்ஸில் பின்வாசலை விட்டு ஒரு நாளும் நகராதவன், அதனால் அந்தப் பெயர்), இன்னும் மோட்டார் ஓடாததால் குளிக்காமல் வந்த பலர். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து மரம் மாதிரி நடக்கச் சொன்னாள். மரம் நடக்காது, அதனால்தான் அது மரம் என்று சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து ஓர் இயந்திரமாக வேண்டுமாம். குமாஸ்தா கையை மேலும் கீழும் ஆட்டினான், தையற்காரம்மா "ட்ர்ர்ர்" என்றாள், பின்வாசல் வயிற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டான், அவன்தான் பிஸ்டனாம். நான் நிஜ எஞ்சின்களைப் பார்த்தவன். இந்த இயந்திரத்தை எந்த டிப்போவிலும் வாசலைத் தாண்ட விடமாட்டேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்வார், அது நம்பிக்கைப் பயிற்சி. பின்வாசல் நம்பிக்கையோடு சாய்ந்தான். பின்னால் நின்ற குமாஸ்தா அப்போதுதான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்வாசலுக்கு இன்னும் இடுப்பில் எண்ணெய் தேய்க்கிறார்கள். இதற்குப் பெயர் சமூக மாற்றம் என்றால் வாழைப்பழத் தோலும் பெரிய சீர்திருத்தவாதிதான்.

கூடத்தில் ஒழுங்கு என்று ஒன்று இல்லாததைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்த ஆண்டி நான்தான். என்னிடம் டிப்போ விசில் இருக்கிறது, பித்தளை, ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கி வந்தது. பாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா, இனிமே நீங்கதான் விசில்" என்றாள். ஒரு விசில் என்றால் காட்சி அப்படியே உறைந்து நிற்க வேண்டும். யாருக்காவது "இந்த இடத்தில் நானாக இருந்தால் வேறு மாதிரி செய்வேன்" என்று தோன்றினால் எழுந்து போய், கஷ்டப்படுகிற பாத்திரத்தின் இடத்தில் நின்று செய்து காட்டலாம். இரண்டு விசில் என்றால் தொடரலாம். மூன்று விசில் என்றால் காட்சி முடிந்தது. மூன்று விசில் கேட்கும்வரை யார் எந்த வேடத்தில் இருக்கிறார்களோ அந்த வேடத்திலேயே இருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போடு, எழுதாத விதி விதியே இல்லை என்று சொன்னதும் நான்தான். அழகான கையெழுத்தில் என் மனைவி எழுதிப் போட்டாள். "வீட்டில் ஊதினால் செல்லாது, கூட்டத்தில்தான் ஊத வேண்டும் என்றும் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஊதுவான்" என்று சொன்னதும், மாப்பிள்ளை, நான்தான்.

இரண்டாம் நாள், எந்தப் பிரச்சினையை நாடகமாகப் போடுவது என்று பெயர் போடாமல் சீட்டு எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னாள். மேல்வீட்டு ஈரத் துணியிலிருந்து என் செய்தித்தாள்மேல் தண்ணீர் சொட்டும் அநியாயத்தை நான் ஒன்றரைப் பக்கம் எழுதிப் போட்டேன். குப்பை, மோட்டார், மாடிவிளக்கு என்று மற்றதெல்லாம் வந்தது. கடைசியாக ஒரு சீட்டு. பாப்பா வாசித்தாள்: "வீட்டில் ஒரே சாவி. நான் வெளியே காத்திருக்கிறேன்." கையைத் தூக்கச் சொன்னபோது பதினான்கு கைகள் அதற்குத்தான் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. குமாஸ்தா வீட்டில் ஏதோ புகைகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அவன்தான் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்துத் தூக்கினேன்.

பின்வாசல் புருஷன், தையற்காரம்மா பெண்டாட்டி. இரண்டு நாற்காலியைப் போட்டு இதுதான் வீடு என்றார்கள். சாவிக்கு ஒரு ஸ்பூனை வைத்துக்கொள்ளலாம் என்றாள் தையற்காரம்மா. பாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கையில் இருக்கும் பொருள் நிஜமாக இருந்தால்தான் உணர்ச்சி நிஜமாக வருமாம். நான் பெருந்தன்மையோடு என் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் எழுந்து நின்று, எல்லோரும் கைதட்ட, செய்தேன்.

காட்சி ஆரம்பித்தது. பெண்டாட்டி கையில் காய்கறிப் பையோடு பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். மழை. உடம்புக்கு முடியவில்லை, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். கீழ்வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர் எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் புருஷன் வருகிறான், டீ குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு. "ஏன் இங்க உக்காந்திருக்க?" என்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை மாப்பிள்ளை. எனக்கு எப்போதுமே இளகிய மனசு. "இப்படியும் ஒருத்தன் இருப்பானா! இவனையெல்லாம் நாலு நாள் வெளியே நிறுத்தணும்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பதினெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. என் நியாய உணர்ச்சியைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது பெண்டாட்டி கேட்டாள், "அந்த ரெண்டாவது சாவியை எனக்குக் குடுத்தா என்னங்க?" பின்வாசல் தொண்டையை இரண்டு தடவை செருமினான், ஒரு தடவை மேலே பார்த்தான், சட்டைப் பையைத் தட்டிக்கொண்டான். "பார்க்கலாம்" என்றான்.

தொண்டையை இரண்டு தடவை செருமுவது யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடம் ஒரே டிப்போவில் இருந்த துரோகி, என் செருமலை வைத்துப் பிழைக்கிறான். ஒரு விசில் ஊதினேன். கோபத்தில் ஊதினேன். ஆனால் விதிப்படி ஒரு விசில் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா, வந்துவிட்டார்கள். குமாஸ்தாவின் மனைவி போய் பெண்டாட்டி இடத்தில் நின்று அழுது பார்த்தாள். "பார்க்கலாம்" என்றான் பின்வாசல். இன்னொருத்தி சட்டம் பேசினாள். "பார்க்கலாம்." குமாஸ்தாவே போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "பார்க்கலாம்." ஒவ்வொரு தடவையும் கூடம் சிரித்தது. நான் ஒவ்வொரு தடவையும் முறைப்படி விசில் ஊதினேன், ஏனென்றால் கடமை கடமைதான்.

அப்புறம் என் மனைவி எழுந்தாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அழவில்லை, சட்டம் பேசவில்லை. நேராகப் போனாள். பின்வாசலின் சட்டைப் பையில் விரலை விட்டாள், சாவிக்கொத்தை எடுத்தாள், தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்வாசல் தன் காலிப் பையைத் தடவிப் பார்த்தான். "ஏம்மா, சாவியைக் குடு" என்றான். அவள் தொண்டையை இரண்டு தடவை செருமினாள். மேலே பார்த்தாள். கைப்பையைத் தட்டிக்கொண்டாள்.

"பார்க்கலாம்" என்றாள்.

கூடமே எழுந்து கைதட்டியது. தையற்காரம்மா அழுதாள். பாப்பா மேளத்தை அடித்தாள். பின்வாசல், அடிபட்ட இடுப்போடு, குதித்தான். நான் என் விசிலை எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வெளியே நடந்தேன். நாடகம் என்றால் அது நாடகம், மாப்பிள்ளை. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாடி ஏறி வீட்டு வாசலுக்குப் போய்ச் சட்டைப் பையில் கையை விட்ட பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது. திரும்பிக் கீழே போய்க் கேட்பதா? எனக்கும் மானம் இருக்கிறது. ஒரு மணி நாற்பது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் டீ, பிஸ்கட், பேச்சு எல்லாம் முடித்துக்கொண்டு பாப்பாவோடு சிரித்தபடி வந்தாள். "ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள். கதவைத் திறந்தாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கூத்துதான் முடிஞ்சுதே, சாவியைக் குடு" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? மூணு விசில் கேக்கலையே" என்றாள்.

பாப்பாவைப் பார்த்தேன். "விதி அப்படித்தான் மாமா. நீங்கதான் எழுதிப் போடச் சொன்னீங்க" என்கிறது அந்தக் கழுதை.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. சாவி விவகாரத்தை ஒரு குடும்பத் தலைவன் எப்படி முடிக்க வேண்டுமோ அப்படி அன்றைக்கே முடித்துவிட்டேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் கேட்பதெல்லாம் இந்தப் பயிலரங்கத்தால் விளைந்த சமூக மாற்றம் என்ன என்பதுதான். மோட்டார் இன்னும் ஓடவில்லை. மாடிவிளக்கு எரியவில்லை. என் செய்தித்தாள்மேல் தண்ணீர் சொட்டுகிறது. மாறியது என்னவென்றால் என் மனைவி நினைத்த நேரத்தில் வெளியே போகிறாள். செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போய்த் தன் பெயரில் ஓர் அட்டை வாங்கி வந்தாள், அதில் அவள் பெயரை முழுதாக எழுதியிருக்கிறாள், இவ்வளவு நீளப் பெயர் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. வியாழக்கிழமை சும்மா நடந்துவிட்டு வந்தாளாம். சும்மா எதற்கு நடக்க வேண்டும், போகிற இடம் என்று ஒன்று வேண்டாமா? தினமும் மாலையில் ஒத்திகை. இந்தக் கூத்தை இனிமேல் மற்ற கட்டடங்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். அங்கே எத்தனை அப்பாவிகள் தங்கள் சாவியை எடுத்துக் கொடுக்கப் போகிறார்களோ. குமாஸ்தா போன வாரமே தன் மனைவிக்கு ஒரு சாவி வெட்டிக் கொடுத்துவிட்டான். கோழை. பின்வாசலோடு நான் பேசுவதில்லை, அவனும் எதிரே வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமுகிறான்.

ஆகவே மாப்பிள்ளை, நாடகத்தால் ஒரு துரும்பும் அசையாது என்பதற்கு நானே சாட்சி. பாப்பாவை உடனே அழைத்துக்கொள்ளவும். அவளுக்கு ஒரு நல்ல உத்தியோகம், மேளம் இல்லாத உத்தியோகம், பார்த்து வைக்கவும். என் தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் முழங்கால் வலி நீங்கட்டும். இளையவனுக்குக் கணக்கு வரட்டும். உங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே பாப்பாவை உடனே அழைத்துக்கொள்ளச் சொன்னதை அடித்துவிடவும். சனிக்கிழமைவரை அவள் இங்கே இருந்தாக வேண்டும். அன்றுதான் அடுத்த கூட்டம். கூட்டத்தில் ஊதினால்தான் செல்லும், ஒத்திகையில் ஊதினால்கூடச் செல்லாதாம். நான் முந்தாநாள் மாடிப்படியில் நின்று மூன்று விசில் ஊதிப் பார்த்தேன். நாலு மாடியிலும் கதவு திறந்தது, என் வீட்டுக் கதவைத் தவிர. போன் செய்யாததற்கு உண்மைக் காரணம், போன் வீட்டுக்குள் இருக்கிறது. நான் டீ குடித்துவிட்டு வந்து, பூட்டிய வீட்டுக்கு வெளியே இருக்கிறேன். சாவி விவகாரத்தை முடித்துவிட்டேன் என்று எழுதியதையும் அடித்துவிடவும்.

எங்கள் மாடிப்படி சிமெண்டு என்று உங்களுக்குத் தெரியும். அது எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது எனக்கு ஒன்பது நாளாகத்தான் தெரியும். இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தபோது தையற்காரம்மா தாண்டிப் போனாள். போனவள் திரும்பி வந்து ஒரு குஷனைக் கொடுத்தாள். பூப் போட்ட துணி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. "அக்கா உக்கார்றதுக்குத் தச்சேன் சார். ஏழு வருஷம் ஆச்சு. அவங்க இதுலதான் உக்காருவாங்க. நீங்க வர்ற சத்தம் கேட்டா எடுத்து எங்கிட்ட குடுத்துடுவாங்க" என்றாள். ஏழு வருடம் மாப்பிள்ளை. நான் அதைப் பார்த்ததே இல்லை. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துதான் மேலே உள்ள எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மழையும் காய்ச்சலும்கூட தையற்காரம்மா சொந்தமாக நடித்ததில்லையாம், பக்கத்தில் இருந்து பார்த்ததாம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை ஊதத்தான் போகிறேன், ஆனால் முதலில் ஒரு விசில் ஊதிவிட்டு, நானும் உள்ளே போய் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே கொஞ்சம் உட்கார்ந்து காட்டலாமா என்று பாப்பாவிடம் கேட்டுச் சொல்லவும். நான் நேரில் கேட்டால் மேளம் அடிப்பாள்.

இன்று காலை டீ குடிக்கக் கிளம்பும்போது மனைவியிடம் ஒன்று சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கொத்தை நீயே வச்சுக்கோ, நான் கேக்கல. பீரோவுக்குள்ள அந்த ரெண்டாவது சாவி சும்மாதானே இருக்கு, அதை எனக்குக் குடுத்தா என்ன?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தொண்டையை இரண்டு தடவை செருமினாள்.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.